காஜா என்றால் வீடு

சித்திரை முதல் தேதி வந்துவிட்டால், கரிசல் காட்டில் பிறந்தவன் எந்தப் பட்டணத்தில் இருந்தாலும் அவன் மனசு ஒரு நிமிஷம் ஏர் பிடிக்கப் போய்விடும். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரத்துக் கிராமங்களில் அன்றைக்குத்தான் பொன் ஏர் பூட்டுகிறார்கள். காளைகளைக் குளிப்பாட்டி அலங்கரித்து, ஊரார் கூடி, ஒரு நிலத்தில் முதல் சால் ஓட்டுவார்கள். மழைக்கும் விதைப்புக்கும் இன்னும் மாதங்கள் கிடக்கின்றன. இருந்தாலும் மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் வருஷத்தைத் தொடங்க வேண்டும். இன்று பல ஊர்களில் காளைக்குப் பக்கத்தில் டிராக்டரும் மாலை போட்டுக்கொண்டு நிற்கிறது. நிற்கட்டுமே!

கோடையின் வாசலில் நின்று ஏதாவது ஒன்றைச் செய்ய வேண்டும் என்று எல்லா நாட்டாருக்கும் தோன்றியிருக்கிறது. பிரான்ஸில் மே முதல் தேதி 'மூகே' என்னும் வெள்ளை மணிப்பூக் கொத்தை ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்கிறார்கள். ஜப்பானில் 'கொரொமொகாயே' என்று ஒரு வழக்கம். உடை மாற்றுவது என்று அர்த்தம். பழைய நாளில் நான்காம் மாதப் பிறப்பன்று அரண்மனையில் குளிர்கால ஆடையைக் களைந்து கோடை ஆடைக்கு மாறினார்கள். இப்போது ஜூன் முதல் தேதியை ஒட்டிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மெல்லிய சீருடைக்கு மாறுகிறார்கள்.

உடை என்றதும் எனக்குப் புதியம்புத்தூர்தான் ஞாபகத்துக்கு வருகிறது. ஒட்டப்பிடாரம் தாலுகாவில், வானம் பார்த்த பூமியின் நடுவில் உள்ள ஊர். ஏரை நம்பிப் பிழைக்க முடியாத மண்ணில் தையல் மெஷினை நம்பிப் பிழைக்கக் கற்றுக்கொண்ட ஊர். 'குட்டித் திருப்பூர்' என்று அதற்கு ஒரு செல்லப் பெயரும் உண்டு.

பல வருஷங்களுக்கு முன், ஒரு கத்திரி வெயிலில், துணி வியாபாரம் செய்த நண்பர் ஒருவரோடு அங்கே போயிருந்தேன். ஒரு வீட்டுத் திண்ணையில் வயதான அம்மாள் ஒருத்தி சட்டைகளை மடியில் குவித்து வைத்துக்கொண்டு காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். கண்ணுக்கு மிக அருகே துணி, விரலில் ஊசி. நண்பர் காஜாவுக்கு இத்தனை காசு என்று பேரம் பேசத் தொடங்கினார். எனக்குப் பொழுது போகவில்லை. அப்போதுதான் சொற்களின் பிறப்பைப் பற்றிப் படித்திருந்தேன். படித்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எழுத்தாளனுக்கு ஜீரணம் ஆகாது அல்லவா?

"பொத்தான் என்கிறோமே, அது தமிழ் இல்லை" என்று ஆரம்பித்தேன். 16-ம் நூற்றாண்டில் நம் முத்துக்குளித்துறைக்கு வந்த போர்ச்சுக்கீசியர் விட்டுச் சென்ற சொல் அது. அவர்களே 1543-ல் ஜப்பானில் கரையேறினார்கள். ஜப்பானியரும் பொத்தானை 'பொத்தன்' என்றே சொல்கிறார்கள். போர்ச்சுக்கீசியருக்கோ அது பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குப் பூமொட்டு என்றும் பொருள். ஜப்பானில் கோடைத் தொடக்கத்தில் பூக்கும் ஒரு பெரிய பூவுக்கும் 'பொத்தன்' என்றே பெயர். ஆனால் அது சீனத்திலிருந்து வந்த வேறு சொல்; ஒலிதான் ஒன்று. நாம் வாங்க மட்டும் செய்யவில்லை, கொடுத்தும் இருக்கிறோம். சோழமண்டலக் கரையிலிருந்து போன கோடு போட்ட பருத்தித் துணியை ஜப்பானியர் 'சந்தோமே' என்று அழைத்தார்கள். அது நம் மயிலாப்பூர்ச் சாந்தோம்!

"காஜாவும் போர்ச்சுக்கீசியம்தான் என்கிறார்கள். அவர்கள் பாஷையில் பொத்தான் துளைக்கு 'காஸா' என்று பெயர். காஸா என்றால் வீடு. பொத்தான் குடியிருக்கும் வீடு!" என்று முடித்தேன்.

அந்த அம்மாள் நூலைப் பல்லால் கடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்படியா தம்பி? அப்போ எத்தனை ஆயிரம் வீடு கட்டியிருப்பேன்! ஒண்ணுலகூட நான் குடியிருந்தது கெடையாது" என்றாள்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். நண்பர் அந்தச் சிரிப்பிலேயே கூலியில் கொஞ்சம் குறைத்து முடித்துவிட்டார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

கடன் வாங்கிய சொற்கள் பாஷைக்கு இழுக்கு என்று ஒரு கட்சி உண்டு. என் அபிப்பிராயம் வேறு. பண்டம் கப்பலில் வரும்போது பெயரும் கூடவே வரும். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வெட்கப்பட வேண்டியது வேறொன்றுக்கு.

'ரிக்‌ஷா' என்ற சொல்லைப் பாருங்கள். ஜப்பானியர் அதற்கு வைத்த முழுப் பெயர் 'ஜின்ரிகிஷா'. ஜின் என்றால் மனிதன். ரிகி என்றால் பலம். ஷா என்றால் வண்டி. மனித பலத்தால் ஓடும் வண்டி. அந்தச் சொல் உலகத்தைச் சுற்றி வந்தபோது முதலில் உதிர்ந்தது எது? 'ஜின்' என்ற மனிதன்தான். நாக்கின் சோம்பல் என்று சொல்லிவிடலாம். ஆனால் வண்டியில் ஏறி உட்கார்ந்தவர்களின் மனசிலிருந்தும் அவன் உதிர்ந்து போகவில்லையா? மனிதனை மனிதன் கையால் இழுக்கும் அந்த வண்டியைத் தமிழ்நாட்டில் ஒழிக்க 1973 ஆகிவிட்டது.

சொல்லின் வேரைத் தேடுவது நல்ல காரியம். ஆனால் அந்தத் தேடல் போர்ச்சுக்கல் வரைக்கும் ஜப்பான் வரைக்கும் போய்விட்டு, எதிர்த் திண்ணையில் இருக்கிறவளிடம் வராமல் நின்றுவிட்டால் அது எந்த வகை ஞானம்? சொல்லுக்கு நாம் யாரிடம் கடன்பட்டோம் என்பதை அன்று நன்றாகவே சொன்னேன். சட்டைக்கு யாரிடம் கடன்பட்டோம் என்பது மூன்றடி தூரத்தில் இருந்தது. அதை நான் கேட்கவில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் பூக்கொத்துக் கொடுக்கும் அதே மே முதல் தேதிதான் உழைப்பாளர் தினமும். 1923-ல் சிங்காரவேலர் சென்னையில் அதை முதன்முதலாகக் கொண்டாடினார். கோடை பிறக்கும்போது நினைக்க வேண்டியவர்களை நினைக்கத்தான் இந்த நாட்கள் எல்லாம் என்று எனக்குப் படுகிறது. பொன் ஏர் பூட்டுகிற சம்சாரி விளைச்சல் கைக்கு வரும் முன்பே மண்ணுக்குக் கும்பிடு போடுகிறான். கடனை முதலிலேயே ஒப்புக்கொள்கிறான்.

இப்போது காஜா போட மெஷின் வந்துவிட்டது. அந்த அம்மாள் இன்று இருக்க மாட்டாள். ஆனாலும் காலையில் சட்டை மாட்டும்போது சில நாள் விரல் அந்தச் சின்னத் துளையில் நின்றுவிடுகிறது. அன்றைக்குக் குறைத்த காசு என் பையில் வந்து சேரவில்லைதான். அதனால் அது என் கடன் இல்லை என்று ஆகிவிடுமா?