கையிருப்பும் தவக்குலும்

வெளிநாட்டுப் பிழைப்பை முடித்துக்கொண்டு ஊர் திரும்பிய சகோதரர் ஒருவர், சென்ற ஷஅபான் மாதத்தில் அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் ஹவுள் ஓரத்தில் நம்மை நிறுத்திக்கொண்டார். பதினாறு ஆண்டுகள் தம்மாமில் வேலை பார்த்தவர். கம்பெனியில் ஆட்களைக் குறைத்தபோது கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். ஊருக்கு வந்து எட்டு மாதமாகிறது. புது விசா இன்று வரும், நாளை வரும் என்று ஏஜெண்டு சொல்லிக்கொண்டே இருக்கிறார். கொண்டுவந்த பணத்தில்தான் குடும்பம் நடக்கிறது.

“காக்கா, தக்பீர் கட்டினால் பாஸ்புக்குதான் கண் முன்னால் வந்து நிற்கிறது. இந்த மாசம் இவ்வளவு போச்சு, மீதி இவ்வளவு, இது எத்தனை மாசம் தாங்கும் என்று ஸுஜூதிலும் கணக்குப் போடுகிறேன். ரிஸ்க் கொடுப்பவன் அல்லாஹ் என்று வாய் சொல்லுது. மனசு பேங்கைத்தான் நம்புது. இது ஈமானில் குறைதானே?” என்றார்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்ட வேண்டும் என்ற ஹதீஸைச் சொல்லி அவரை அனுப்பி வைத்தோம். யார் எதைக் கேட்டாலும் இந்த ஒட்டகத்தை அவிழ்த்து விடுவது நம்மவர்களுக்கு வழக்கமாகிவிட்டது. அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார். அவர் மனம் நிறையவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. நமக்கும் நிறையவில்லை. அவர் கேட்டது ஒட்டகத்தைக் கட்டலாமா என்பதன்று. கட்டிய கயிற்றையே பார்த்துக்கொண்டு நிற்கிறேனே, என்ன செய்வது என்பது.

இது ஒருவருடைய கேள்வியன்று. 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தைப் பிடித்தபோது உடுத்திய துணியோடு வந்து இறங்கியவர்கள் நம் ஊர்களில் உண்டு. 2013-ல் சவூதியில் நிதாகத் சட்டம் கடுமையாக்கப்பட்டபோது பெட்டியைக் கட்டியவர்கள் உண்டு. 2020-ல் கொரோனா காலத்தில் விமானத்துக்குக் காத்துக் கிடந்து வந்து சேர்ந்தவர்களும் உண்டு. ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவிலுள்ள அந்த மாதங்கள் நம் வீடுகளுக்குப் புதியவை அல்ல. ஆயினும் அந்த மாதங்களில் ஒரு முஸ்லிமின் வீடு எப்படி இருக்க வேண்டும் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. கூச்சம்தான் காரணம்.

தவக்குல் என்றதும் பறவையைப் பற்றிய ஹதீஸ் நினைவுக்கு வரும். அல்லாஹ்வின் மீது உரிய முறையில் நம்பிக்கை வைத்தால், காலையில் ஒட்டிய வயிற்றோடு புறப்பட்டு மாலையில் நிறைந்த வயிற்றோடு திரும்பும் பறவைக்கு உணவளிப்பதுபோல் உங்களுக்கும் அளிப்பான் என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் அருளியதைத் திர்மிதீயில் காண்கிறோம். பறவை கூட்டிலேயே உட்கார்ந்திருக்கவில்லை, புறப்பட்டுப் போனது என்று நம் பயான்களில் விளக்குவார்கள். சரியான விளக்கமே. ஆனால் இன்னொன்றும் அதில் இருக்கிறதே! பறவை நாளைக்கென்று எதையும் எடுத்து வைப்பதில்லை. அப்படியானால் எடுத்து வைக்கும் நாம் அந்தப் பறவைக்கும் கீழானவர்களா?

அந்த ஹதீஸை அறிவிப்பவர்கள் ஹளரத் உமர் (ரலி) அவர்கள். அதே உமர் (ரலி) அவர்களே இன்னொரு செய்தியையும் அறிவிக்கிறார்கள்; அது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. ஹிஜ்ரி 4-ஆம் ஆண்டில் பனூ நளீர் குலத்தார் விட்டுச் சென்ற நிலத்தின் விளைச்சலிலிருந்து பெருமானார் (ஸல்) அவர்கள் தம் குடும்பத்தாருக்கு ஓராண்டுக்கு வேண்டிய உணவை ஒதுக்கி வைத்தார்கள், மீதியைப் பொதுக் காரியங்களுக்குச் செலவிட்டார்கள் என்பதே அது. பறவையைக் காட்டித் தவக்குலைக் கற்பித்தவர்களும் ஓராண்டு உணவை ஒதுக்கி வைத்தவர்களும் ஒருவரே. இரண்டையும் கண்டு சொன்னவரும் ஒருவரே. இவற்றுக்கிடையே முரண்பாடு இருந்திருந்தால் உமர் (ரலி) அவர்களைப் போன்றவர் கேட்காமல் விட்டிருப்பார்களா?

அந்த உணவு ஆண்டு முழுவதும் அப்படியே இருந்ததா என்றால், அதுவும் இல்லை. வருகிறவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் போய்க்கொண்டே இருந்தது. அண்ணலார் மறைந்தபோது முப்பது ஸாஉ வாற்கோதுமைக்காக அவர்களுடைய போர்க்கவசம் ஒரு யூதரிடம் அடகில் இருந்தது என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறுகிறார்கள். வைத்ததும் உண்மை, வைத்ததைக் கட்டிக் காக்காததும் உண்மை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் தவக்குலைப் பற்றிய பகுதியில் இதை வெகு நுட்பமாகப் பிரிக்கிறார்கள். தனி ஆளின் நிலை வேறு. குடும்பஸ்தனின் நிலை வேறு. குடும்பஸ்தன் தன் வீட்டாருக்காக ஓராண்டு உணவைச் சேர்த்து வைப்பதால் தவக்குலின் எல்லையை விட்டு வெளியேறிவிடமாட்டான் என்கிறார்கள். அதற்கு அவர்கள் கூறும் காரணம்தான் நம்மை நிறுத்தி யோசிக்க வைத்தது. வீட்டாருடைய பலவீனத்துக்கு ஈடு செய்யவும், அவர்களுடைய உள்ளங்களை அமைதிப்படுத்தவும் அந்தச் சேமிப்பு என்கிறார்கள். சேர்ப்பவனுடைய உள்ளத்தை அமைதிப்படுத்த என்று சொல்லவில்லை!

இதைப் படித்த பிறகு அந்தச் சகோதரரை மறுபடி பார்க்க வேண்டும் என்று தோன்றியது. பார்த்தோம். “கையில் எவ்வளவு இருக்கிறது என்று வீட்டில் தெரியுமா?” என்று கேட்டோம். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “பொம்பளைகளுக்கு எதுக்குக் காக்கா அந்தக் கவலை? பாஸ்புக்கைப் பீரோவில் பூட்டித்தான் வச்சிருக்கேன்” என்றார்.

அந்த வீட்டில் நடந்ததை நம் வீட்டார் மூலம் பின்னர் அறிந்தோம். இருவருடைய சம்மதமும் பெற்றே எழுதுகிறோம். கணவர் முகத்தில் சிரிப்பில்லாததைக் கண்ட அந்தப் பெண், பணம் ஏறக்குறைய தீர்ந்துவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டார். கேட்டால் மனம் நோவாரே என்று கேட்கவுமில்லை. காலைப் பசியாறுதலைத் தமக்கு மட்டும் நிறுத்திவிட்டார். “நோன்பு” என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டார். அஞ்சறைப் பெட்டியின் அடியில் பல ஆண்டுகளாகச் சேர்த்த சிறுவாட்டை எடுத்து மளிகைக் கடைப் பற்றைத் தீர்த்தார். அது போதாமல் மகளின் கொலுசை விற்கக் கொடுத்தனுப்பினார். பீரோவிலோ இன்னும் ஓர் ஆண்டுக்கு மேல் தாங்கக்கூடிய பணம் பூட்டிக் கிடக்கிறது!

எவருடைய உள்ளம் அமைதியடைய வேண்டும் என்று மார்க்கம் அந்தப் பணத்தை வைத்துக்கொள்ள அனுமதித்ததோ, அந்த உள்ளம் இரவில் உறங்கவில்லை. அப்படியானால் அந்தப் பணம் வேறு எதற்காக இருக்கிறது? தொழுகையில் அவர் கண்முன் வந்து நின்றதற்குக் காரணம் பணம் இருந்தது அன்று, தனியாக அதைத் தூக்கிச் சுமந்ததே என்று நமக்குத் தோன்றுகிறது. இது நம் கருத்து. ஆலிம்கள் வேறு விதமாக விளக்கினால் கேட்டுக்கொள்வோம்.

பெண்களுக்கு எதற்கு அந்தக் கவலை என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கணவன் கடல் கடந்து இருந்த பதினாறு ஆண்டுகள் அந்த வீட்டை நடத்தியவர் யார்? வந்த பணத்தில் பள்ளிக்கூடக் கட்டணம், மாமியாரின் மருத்துவச் செலவு, வீடு கட்டக் கொத்தனார் கூலி, ஊர்க் கல்யாணங்களின் கொடுக்கல் வாங்கல் அனைத்தையும் கணக்குப் பிசகாமல் நடத்தியவருக்குக் கவலை புதிதாக வரப்போகிறதா? இப்படித் திரும்பி வந்த சிலர் வீட்டில் சும்மா இருக்க முடியாமல் வெங்காயத்தை எண்ணுவதும், பருப்பு ஏன் இவ்வளவு போடுகிறாய் என்று அடுப்படி வாசலில் நின்று கேட்பதும் உண்டு. இது சிக்கனம் அன்று. வேலையில்லாத கை தேடிக்கொண்ட வேலை. பெருமானார் (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்டபோது, வீட்டாரின் வேலைகளில் உதவிக்கொண்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சொன்னார்கள். வேலைகளில் உதவினார்கள் என்றுதான் வருகிறது. கணக்குக் கேட்டார்கள் என்று வரவில்லை.

இனிப் பெண்களின் பொருள். சிறுவாடும் மஹரும் நகையும் அவளுடையவை. கணவனுக்கு வேலை போய்விட்டது என்பதனால் அவை குடும்பப் பொதுச் சொத்தாகிவிடா. அவள் செல்வந்தராகவே இருப்பினும் அவளுக்கு உணவும் உடையும் கொடுக்கும் கடமை கணவன் மீதே இருக்கிறது. ஷாபிஈ மத்ஹபில் ஏழைக் கணவனுக்கு நாளொன்றுக்கு ஒரு முத் தானியம் என்று குறைந்த அளவைச் சொல்லி, அதையும் கொடுக்க இயலாமற் போனால் அது அவன் தலையில் கடனாக நிற்கும் என்கிறார்கள். ஹனபி மத்ஹபில் காஜியின் தீர்ப்போ இருவருக்குமிடையே உடன்பாடோ இல்லாமல் கடந்துபோன நாட்களின் செலவு கடனாகாது. இரண்டிலுமே, கணவன் எடுத்துக்கொள்ளலாம் என்பது இல்லை.

அவளாக மனமுவந்து கொடுத்தால் அது வேறு. மஹரிலிருந்து அவர்கள் மனம் விரும்பித் தருவதை மகிழ்வோடு அனுபவிக்கத் திருமறை அனுமதிக்கிறது (4:4). ஹளரத் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவி ஸைனப் (ரலி) அவர்கள், தம் கணவருக்கும் தம் பராமரிப்பிலுள்ள அனாதைகளுக்கும் செலவிடுவது தர்மமாகுமா என்று கேட்டபோது, உறவைப் பேணிய கூலியும் தர்மத்தின் கூலியுமாக இரண்டு கூலி உண்டு என்ற விடை கிடைத்தது. பாருங்கள், கணவருக்குக் கொடுப்பது அங்கே கடமையாகக் கருதப்படவில்லை, தர்மமாகவே கருதப்பட்டது. ‘கழற்றிக் கொடு’ என்று சொல்லி வாங்கியதை மனமுவந்து கொடுத்தாள் என்று ஊரில் சொல்லலாம்; அல்லாஹ்விடம் சொல்ல முடியுமா?

வாங்கிய நகை எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பெரும்பாலும் வட்டிக்கு அடகு வைக்கப்படுகிறது. பன்றி இறைச்சி என்று கேட்டாலே முகம் சுளிக்கும் வீடுகளில் அடகு ரசீது குர்ஆன் ஷரீஃப் வைத்த அலமாரியில் இருக்கிறது. நகையை விற்பது மானக்கேடு, அடகு வைப்பது கௌரவம் என்று யார் நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? உரியவள் சம்மதித்தால் ஒரு வளையலை விற்றுவிடலாம். பல ஜமாஅத்துகளில் பைத்துல்மால் மூலம் வட்டியில்லாக் கடன் கொடுக்கிறார்கள். அங்கே போய்க் கேட்கலாம். நேற்றுவரை அதற்குச் சந்தா கொடுத்தவன் இன்று போய் நிற்பதில் வெட்கம் என்ன?

வெட்கத்தைத்தான் நாம் அதிகமாகச் சேமித்து வைத்திருக்கிறோம். 2011 முதல் அரிசி அட்டைக்காரர்களுக்குத் தமிழக அரசு விலையில்லாமல் அரிசி கொடுத்து வருகிறது. சபராளி வீட்டில் ரேஷன் அரிசியா என்று அதை வாங்காமல் விட்டு, கடையில் பற்றுக்கு வாங்கும் வீடுகள் இருக்கின்றன. கையைக் கழுத்தோடு கட்டிவிடாதே, ஒரேயடியாக விரித்தும் விடாதே என்ற கருத்தில் திருமறை பேசும் இடத்தில் (17:29), விரித்தவன் முடிவில் பழிக்கு ஆளாகிக் கையற்று உட்கார்ந்துவிடுவான் என்றும் வருகிறது. ஊர் பழிக்குமே என்று விரிக்கிறோம். விரித்த பின்பும் பழிதான் மிஞ்சுகிறது. செலவைக் குறைப்பதாயின் முதலில் ஆண்பிள்ளை தன் செலவிலிருந்து தொடங்கட்டும். சிகரெட்டும் டீக்கடை பெஞ்சும் இருக்கும்போது பிள்ளைகளின் பாலில் கை வைப்பது நியாயமன்று.

அந்த வீட்டில் பிறகு என்ன ஆயிற்று என்று வாசகர்கள் கேட்கக் கூடும். ஓர் இரவு இஷாவுக்குப் பின் அவர் பாஸ்புக்கை எடுத்து மனைவியின் முன் வைத்தாராம். அந்தப் பெண் முதலில் அழுதார், பிறகு கோபித்தார். “என் மகள் கொலுசு போச்சே மச்சான்” என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. மறுநாள் அந்தப் பெண் ஒரு பழைய நோட்டில் மாதச் செலவை எழுதிக் கொடுத்தார். கணவர் போட்டு வைத்திருந்த கணக்கைவிட அது குறைவாகவே இருந்தது.

ரமளான் நெருங்கியதும் அவர் இன்னொரு கேள்வியோடு வந்தார். வருமானம் இல்லை, இருப்பதோ மாதா மாதம் கரைகிறது; இதற்கும் ஜகாத் உண்டா? உண்டு. நிஸாபை எட்டிய பொருள் அந்த அளவுக்குக் கீழே போகாமல் சந்திர ஆண்டு ஒன்று கடந்துவிட்டால், அன்றைக்குக் கையில் மீந்திருப்பதில் நாற்பதில் ஒரு பங்கு. வருமானம் உண்டா என்று மார்க்கம் கேட்கவில்லை. நாலு லட்சம் மீந்திருந்தால் பத்தாயிரம். அணியும் நகைக்கு ஹனபிகள் ஜகாத் கொடுக்க வேண்டும். ஷாபிஈகளுக்கு அளவோடு அணிவதற்கு இல்லை. ஆனால் அணியாமல் சேமிப்பாகவே பூட்டி வைத்ததற்கு உண்டு. பத்தாயிரம் என்றால் அவர்கள் வீட்டில் ஏறத்தாழ ஒரு மாதச் செலவு. வருமானம் இருந்த பதினாறு ஆண்டுகளில் கொடுத்தபோது இப்படிக் கை நடுங்கியதில்லை என்றார். ஈமானில் குறையா என்று அவர் முதலில் கேட்டாரே, அதற்கான சோதனை இங்கேதான் இருந்தது என்று நினைக்கிறோம். கொடுத்துவிட்டார். யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்தவர் மனைவி.

விசா இன்னும் வரவில்லை. நபி தாவூத் (அலை) அவர்கள் தம் கையால் உழைத்தே உண்டார்கள் என்ற ஹதீஸை ஒருநாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னோம். இப்போது ஷவ்வால் மாதத்திலிருந்து, உறவினர் ஒருவருடைய இரும்புச் சாமான் கடையில் காலை முதல் லுஹர் வரை கல்லாவில் உட்காருகிறார். சம்பளம் குறைவுதான். முதல் மாதச் சம்பளத்தில் மகளுக்குக் கொலுசு வாங்க முடியவில்லை. முன்பணம் மட்டும் கொடுத்து வைத்திருக்கிறார்.