எவ்வுள்?

எங்கள் ஊர்ப் பெருமாள் ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்வியே ஊருக்குப் பெயராகிவிட்டது. சாலிஹோத்ர முனிவர் ஓராண்டு நோன்பிருந்து, அரிசி மாவைப் படைத்துவிட்டு விருந்தாளிக்காகக் காத்திருந்தாராம். வந்த கிழவர் இருந்ததையெல்லாம் உண்டுவிட்டு, "அசதியாக இருக்கிறது, படுக்க எந்த உள்?" என்றாராம். முனிவர் தன் அறையைக் காட்டினார். கேட்டவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. திருஎவ்வுள் திருவள்ளூர் ஆன பிறகும் வீரராகவப் பெருமாள் கிடந்த கோலத்தில்தான் இருக்கிறார்.

சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. அந்தக் கேள்வி என்னையும் கேட்கிறது என்று தோன்றியது போன வருடம்தான். அதற்குக் காரணம் பெருமாளைக் கேள்விப்பட்டே இராத ஒரு பிரெஞ்சுக்காரர்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் உருக்காலையில் ஃபர்னஸ் பார்ப்பது என் பிழைப்பு. திருவள்ளூரிலிருந்து பெரியபாளையம், கவரைப்பேட்டை வழியாக பஸ். நைட் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தால் உடனே தூக்கம் வராது. அப்படிப்பட்ட காலைகளில் மகன் தன் லேப்டாப்பில் ஏதாவது போட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போவான். ஒருநாள் போட்டது பெர்த்ராந் தவெர்னியே 2016இல் எடுத்த ஆவணப்படம், 'பிரெஞ்சு சினிமாவின் ஊடாக என் பயணம்'. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும். நான் மூன்று காலைகளாகப் பார்த்தேன்.

சினிமா சரித்திரம் என்றால் முதல் படம், முதல் பேசும்படம் என்று வரிசை கட்டுவார்கள் என நினைத்திருந்தேன். இவர் அப்படித் தொடங்கவில்லை. லியோன் நகரத்துப் பிள்ளை. 1944இல் ஜெர்மானியர் பிடியிலிருந்து ஊர் விடுபட்டபோது வானத்தில் தெரிந்த வெளிச்சம்தான் அவர் நினைவில் முதலில் நிற்கிறது. பிறகு காசநோய். தாம்பரத்தில் இருப்பதுபோல அங்கேயும் சானடோரியம். அங்கே குழந்தைகளுக்குப் போட்ட ஒரு படத்தில் வந்த துரத்தல் காட்சி மட்டும் மனதில் தங்கிவிட்டது. என்ன படம், யார் எடுத்தது, ஒன்றும் தெரியாது. சுமார் இருபத்தைந்து வருடம் கழித்து வேறொரு திரையில் அதே காட்சி வந்தது. ழாக் பெக்கேர் 1942இல் எடுத்த படம் அது. தான் பிற்பாடு தலைமேல் வைத்துக் கொண்டாடிய இயக்குநரின் காட்சியைத்தான் பெயர் தெரியாமல் அத்தனை வருடம் சுமந்திருக்கிறார்.

அந்த இருபத்தைந்து வருடம் காட்சி எங்கே இருந்தது? ரீல் ஏதோ ஒரு கிடங்கில் இருந்திருக்கும். ஆனால் பையனுக்குள் இருந்தது ரீல் இல்லையே. எவ்வுள்?

எனக்கு இந்தக் கேள்வி உறைக்க இன்னொரு காரணமும் உண்டு. தியேட்டர்களெல்லாம் டிஜிட்டலுக்கு மாறிய காலம். எங்கள் யார்டுக்கு வந்த ஸ்கிராப் லோடில், சைக்கிள் ஃபிரேம்களுக்கும் நசுங்கிய பீரோ கதவுகளுக்கும் நடுவே வட்டமான தகரப் பெட்டிகள் சில கிடந்தன. ஒன்றின் மூடியில் வெள்ளைப் பெயிண்டில் '8' என்று எழுதியிருந்தது. நெம்பித் திறந்தேன். பழைய காடி நெடி மூக்கைப் பிடுங்கியது. அடியில் துருவோடு ஒட்டிக்கொண்டு ஒரு சாண் ஃபிலிம். வெயிலில் தூக்கிப் பார்த்தேன். ஓரத்துத் துளைகள் வரிசையாக இருந்தன. படம் மட்டும் இல்லை, பழுப்புக் கறைதான். அன்றைய ஹீட்டில் மற்ற பெட்டிகள் உருகி இங்காட் ஆயின. எட்டாம் நம்பர் என்னோடு பஸ்ஸில் வந்தது. அம்மா புளி போட்டுத் தேய்த்து, விளக்குத் திரி வைக்கும் டப்பா ஆக்கிக்கொண்டாள்.

தொழில் சுபாவத்தில் எனக்கு அடுத்து வந்த சந்தேகம், ஃபிலிமில் படம் எதனால் ஆனது என்பது. கறுப்பு வெள்ளைப் படத்தில் கறுப்பாகத் தெரிவதெல்லாம் வெள்ளித் துகள். கதாநாயகியின் கண்மை வெள்ளி, அவள் கூந்தல் வெள்ளி, இரவு வானம் வெள்ளி. ஓடி முடிந்த பிரதிகளைக் கழுவி வெள்ளி எடுத்து விற்றார்கள். பட்டுச் சேலையை எரித்து ஜரிகை எடுக்கிற மாதிரி என்று சொல்லத் தோன்றும், அதைவிடக் கொடுமை. ஜரிகை சேலையின் ஓரம்தான். இங்கே கழுவி எடுத்த வெள்ளிதான் படமே. நடராஜ முதலியாரின் 'கீசக வதம்', 1931இல் வந்த 'காளிதாஸ்' இரண்டும் இன்று பெயர்களாக மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. பிரான்சிலும் இதே கதைதான். ஐந்நூறு படங்களுக்கு மேல் எடுத்த ஜார்ஜ் மெலியஸின் பிரதிகளில் பலவற்றை முதல் உலகப்போரின்போது உருக்கி ராணுவ பூட்ஸுக்குக் குதிகால் செய்தார்கள். 1923இல் நொடித்துப்போன அவர், வைக்க இடமில்லாமல் மிச்ச நெகட்டிவ்களைத் தன் கையாலேயே கொளுத்தினார். அவருக்கும் அதே கேள்விதான். காட்ட ஓர் அறை இல்லை.

இதையெல்லாம் சொன்னால், திரைதான் நிஜம், படம் வந்து போகும் என்பார்கள். ரமண மகரிஷி சொன்ன உவமை அது. திரையில் தீ எரிந்தாலும் திரை வேகாது, வெள்ளம் ஓடினாலும் திரை நனையாது, ஆத்மா அப்படி. அழகான உவமை. ஆனால் 1,600 டிகிரி உலோகத்துக்கு எதிரே எட்டு மணி நேரம் நிற்கிறவனுக்கு அது முழுசாக ஆறுதல் தருவதில்லை. திரை வேகவில்லை, சரி. வெந்தது படம். நாம் சிரித்ததும் அழுததும் படத்தைப் பார்த்து. வெள்ளைத் துணியைப் பார்த்து யாரும் அழவில்லை.

எனக்குக் கைகொடுத்தவர் ராமானுஜர். கோயில் உபன்யாசம் ஒன்றில் கேட்டது: கனவில் காணும் தேரும் குதிரையும் பொய்யில்லை என்பது ஸ்ரீபாஷ்யத்தின் நிலைப்பாடு. அந்த ஒருவருக்காக, அந்த நேரத்துக்கு மட்டும், அவரவர் வினைக்கேற்ப ஈசுவரனே அவற்றைப் படைக்கிறான். விழித்ததும் மறைவதால் அவை இல்லாதவை ஆகிவிடா. ஒருவர் மட்டுமே கண்டதாலும் பொய்யாகிவிடா. உபன்யாசகர் இதைச் சொன்னபோது எனக்கு சானடோரியத்துப் பையன்தான் ஞாபகத்துக்கு வந்தான்.

தவெர்னியே இந்தப் படத்தில் செய்வதும் அதுதான் என்று நினைக்கிறேன். தான் கண்டதைச் சாட்சி சொல்கிறார். இயக்குநர் ரெனுவாரைக் கும்பிடுகிறார்; போர்க்காலத்தில் அதே ரெனுவார் எழுதிய சிறுமையான கடிதங்களையும் மறைக்காமல் சொல்கிறார். பெக்கேரிடம் வேலை செய்யும் கைகளைக் காட்டுகிறார். பெக்கேரின் கடைசிப் படத்தில் சிறைக்கைதிகள் சிமென்ட் தரையை உடைக்கும் காட்சி ஒன்று நிமிடக்கணக்கில் வெட்டாமல் ஓடும். கடப்பாரை பிடித்தவனுக்குத் தெரியும், அந்த மூச்சிரைப்பு நடிப்பில்லை.

ஆனாலும் நினைவே போதும் என்று நான் விட்டுவிடமாட்டேன். அமாவாசைதோறும் எங்கள் கோயிலில் கூட்டம் அலைமோதும். நோய் தீர வேண்டிக்கொண்டு ஹிருத்தாபநாசினி குளத்தில் வெல்லம் கரைப்பார்கள். வெல்லம் காணாமல் போவதுதான் அங்கே வேண்டுதல். கரைக்கிறவள் தெரிந்து, மனமுவந்து கரைக்கிறாள். வெள்ளிக்காக ஃபிலிமைக் கழுவியவன் எதையும் யாருக்கும் கொடுக்கவில்லை. இரண்டையும் ஒரே தத்துவத்தில் போட்டு 'எல்லாம் கரையும்' என்று பெருமூச்சு விடுவது சோம்பேறித்தனம். வெல்லம் கரையலாம், ரீல் கரையக்கூடாது. அதற்குத்தான் 1964இல் புனேயில் திரைப்பட ஆவணக்காப்பகம் வைத்தார்கள், பி.கே. நாயர் ஊர் ஊராக அலைந்து ரீல் பொறுக்கினார்.

அப்படியும் கிடைக்காமல் போனது?

சின்ன வயதில் பெரியபாளையம் பக்கம் டூரிங் டாக்கீஸில் ஒரு படம் பார்த்ததாக அம்மா சொல்வாள். சீர்காழியின் பிள்ளையார் பாட்டு ஒலித்ததும் தாத்தா எல்லோரையும் இழுத்துக்கொண்டு ஓடினாராம். மணலைக் குவித்து, அதன்மேல் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். ஒரு பெண் கிணற்றுப் படிகளில் விளக்கோடு இறங்குகிறாள். பாதியில் விளக்கு அணைகிறது. கொஞ்ச நேரம் இருட்டு. மேலே ஏறி வரும்போது விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. படத்தின் பெயர் தெரியாது, யார் நடித்தது என்றும் தெரியாது. நானும் மகனும் தேடாத இடமில்லை. இரண்டு மூன்று படங்கள் கலந்து அவளுக்குள் ஒன்றாகியிருக்கலாம். கரண்ட் போன இருட்டும் அதில் சேர்ந்திருக்கலாம். தவெர்னியேவுக்குக் கிடைத்ததுபோல அவளுக்கு அந்தத் திரை திரும்ப வரவில்லை.

இப்போது அவளுக்குப் பார்வை மங்கல். போன அமாவாசை காலையில், எட்டாம் நம்பர் டப்பாவைத் தடவித் திறந்து திரி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் ஷிஃப்ட் முடிந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கிணத்துல இறங்குனாளே, அவ என்னம்மா கட்டியிருந்தா?"

"பச்சைப் பொடவடா. அரக்குக் கரை."

"அது கறுப்பு வெள்ளப் படம்மா."

"இருக்கட்டுமே," என்றாள் அம்மா, திரியை எண்ணெயில் நனைத்தபடி. "அவ கட்டியிருந்தது பச்சைதான்."