உறவும் சுவையும்

மேடையில் அமர்ந்து பாடுபவர் நம் தங்கையாகவோ மருமகளாகவோ இருப்பின், அவ்விசையில் ஏனையோர் காணாத இன்பமொன்றை நாம் காண்கிறோம். அவ்வின்பம் இசையினால் விளைந்ததா, உறவினால் விளைந்ததா? உறவினால் விளைந்ததாயின் அதனைக் கலையின்பம் எனல் தகுமா? எளியதெனத் தோன்றும் இவ்வினா, சுவை பற்றிய கொள்கையையும் நடுவுநிலை என்னும் அறத்தையும் ஒருங்கே தொடுவதாகும்.

அழகியலார் பலர் தரும் விடை உறவுக்குச் சாதகமானதன்று. ஜேர்மானிய மெய்யியலாளரான இமானுவேல் கான்ற் 1790 இல் வெளியிட்ட நூலில், அழகு பற்றிய தீர்ப்பு சொந்த நாட்டம் எதுவும் கலவாத மகிழ்விலேயே நிலைகொள்ளும் என்றார். அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே காஷ்மீரத்து அபிநவகுப்தர், பரதரின் நாட்டிய சாஸ்திரத்துக்கு எழுதிய உரையில், இரச அனுபவத்துக்கு இடையூறானவற்றைத் தொகுத்துரைத்தார். தனது, பிறரது என்னும் வேறுபாட்டுணர்வும், சொந்த இன்பதுன்பங்களில் அமிழ்ந்திருத்தலும் அவற்றுட் சேர்ந்தவை. உணர்ச்சி தனியொருவரின் உடைமையாய் இராது பொதுமையடைந்தாலன்றிச் சுவை பிறவாது என்பது அவர் துணிபு. இவற்றை அப்படியே ஏற்பின், தங்கையின் பாட்டிலே நெஞ்சுருகும் தமையன் இசையைச் சுவைக்கவில்லை, தன் பாசத்தையே சுவைக்கிறான் என முடிக்க நேரும்.

வள்ளுவரோ, தம் மக்களின் மழலையைக் கேளாதவரே குழலையும் யாழையும் இனியவை என்பர் எனக் கூறிப் பாசத்தின் பக்கம் நிற்கிறார். ஆயினும், நுணுகி நோக்கின், மழலையை இசையென்று அவர் கூறினாரில்லை. இரண்டையும் ஒப்பிடுகிறார், ஒப்பிடுதற்கு இரண்டும் வேறாதல் வேண்டுமன்றோ? அதே அதிகாரத்தில், மகனைச் சான்றோன் எனப் பிறர் கூறக் கேட்ட தாய், ஈன்ற பொழுதினும் பெரிது மகிழ்வதாகவும் உரைக்கிறார். தாயன்பும் தன் தீர்ப்போடு அமையாது ஊரவர் தீர்ப்பை நாடுகின்றது என்பதே இதனாற் பெறப்படும்.

எனினும், உறவு செவியை எப்போதும் மறைத்துவிடுவதில்லை. சிலபோது கூர்மையாக்கவும் செய்கிறது. ஒரே வர்ணத்தை மூன்று காலங்களிலும் ஆண்டுக்கணக்காகச் சாதகம் செய்ததை வீட்டிலிருந்து கேட்டவருக்கு, எந்தச் சங்கதி எளிதில் வந்தது, எது உழைத்துப் பெற்றது என்பது தெரியும். அந்நியர் கனியைக் காண்கின்றனர்; உறவினர் மரம் வளர்ந்த வழியையும் அறிவர். யாழ்ப்பாணத்துத் தவில் மேதை தட்சிணாமூர்த்தியின் (1933–1975) தந்தையார் விசுவலிங்கமும் தவிற் கலைஞரே. பாலசரஸ்வதி (1918–1984) ஆடியபோது பாடியவர் அவருடைய தாயார் ஜெயம்மாள். அங்கே தாயின் குரல் மகளின் அபிநயத்துக்கு ஆதாரமாயிற்று. உறவும் கலைக்குட் புகுந்து அதன் கருவிகளுள் ஒன்றாயிற்று.

ஆகவே இடையூறு உறவிலே இல்லை, உறவைப் பற்றிய பெருமிதத்திலேயே உள்ளது. 'என் தங்கை பாடுகிறாள்' என்ற எண்ணம் கச்சேரியின் தொடக்கத்தில் நம்மை நிமிர்ந்து உட்காரச் செய்கிறது. நல்ல பாடகியாயின், ஆலாபனை விரியும் ஒரு கட்டத்தில் அவ்வெண்ணம் தானே கழன்று இராகம் மட்டும் எஞ்சுகிறது. அபிநவகுப்தர் வேண்டிய பொதுமை அப்போது உறவினருக்கும் கைகூடுகிறது. இராகம் அறியாத பெரியம்மாவுக்கு அது கைகூடாமற் போகலாம். அவர் அடையும் மகிழ்ச்சி வேறு வகையினது, அதனால் இழிந்ததாகாது.

அறவினா எழுவது இதன் பின்னரே. இன்று யாழ்ப்பாணத்திலும் ரொறன்ரோவிலும் நிகழும் அரங்கேற்றங்களிற் சுற்றத்தாரே அவையின் பெரும்பகுதியாய் அமைதலுண்டு. சிதறி வாழும் குடும்பங்கள் ஒன்றுகூட அவை வாய்ப்பளிக்கின்றன; அது சிறிய நன்மையன்று. ஆயின் கனியாத வித்தையைக் கனிந்ததெனப் புகழுங்கால், நம் கைதட்டல் அப்பிள்ளையின் வளர்ச்சிக்கே தடையாகும். போட்டியொன்றில் நடுவராக இருப்பவர், தம் மருமகள் பாட வரும்போது ஆசனத்தை விட்டு விலகுவது முறை. அவர் அவையில் அமர்ந்து கண்கலங்குவதை எவரும் குறைகூறார்.

மகிழ்வதற்கு உறவே போதிய உரிமை. மதிப்பிடுவதற்கு அது போதாது. இவ்விரண்டையும் பிரித்தறிபவரே, வீடு திரும்பியபின், இரண்டாவது கீர்த்தனையில் தாளம் தளர்ந்ததை அன்போடு எடுத்துரைக்க வல்லவர். அவ்வுரையை அந்நியர் கூறுவது அரிது. அதனைக் கூறும் கடமை உறவினர்க்கே உரியது.