எந்தச் சட்டைக்கு விசுவாசம்?

செடெனாக்கிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் என்னை ஒரு மாமா கேட்டார்: "சிங்கப்பூர் வெள்ளிக்காக ஊரை விட்டுட்டியேப்பா?"

பைஹாக்கி கைசானை நினைத்துக்கொண்டேன். சிங்கப்பூரின் தற்காப்பு ஆட்டக்காரர். 2013-இல் பாலம் தாண்டி ஜொகூர் அணிக்கு ஆட வந்தவர். இந்தோனேசியா, தாய்லாந்திலும் ஆடியவர்.

சம்பளத்துக்குச் சட்டை மாற்றினால் துரோகமா? இல்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடாமல் நிற்பதுதான் துரோகம். தடுத்த கோல் கணக்கில் ஏறாது, ஆனாலும் தடுக்கணும். பலனை எதிர்பாராத கடமை என்று கீதை சொல்வது இதைத்தானே?

அவரோ தம் நாட்டுக்கும் நூறு ஆட்டங்களுக்கு மேல் ஆடினார்.

தம்பி, பிழைக்கப் போவது தப்பில்லை. ஊர் கூப்பிட்டால் திரும்பி வருகிறோமா? அதுதான் கேள்வி. போன தைப்பூசத்துக்கு நான் வரவில்லை. அம்மா தனியாகத்தான் பால்குடம் எடுத்தார்.