நான் கொல்ல நினைக்கவில்லையே! – வலையில் மாளும் ஆமையும் நம் நிய்யத்தும்

அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும். அவனுடைய தூதர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

அல்லாஹ்வை அஞ்சி வாழுமாறு எனக்கும் உங்களுக்கும் வஸிய்யத் செய்துகொள்கிறேன்.

2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கடற்கரையில் பங்குனி ஆமைகள் செத்துச் செத்துக் கரை ஒதுங்கின. சில வாரங்களுக்குள் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. ஜனவரி முதல் மார்ச் வரை முட்டையிடக் கரை தேடி வரும் தாய் ஆமைகளும் அவற்றில் இருந்தன. கண்கள் பிதுங்கி, கழுத்து வீங்கிக் கிடந்தன. நீரில் மூச்சுத் திணறி இறந்ததற்கான அடையாளங்கள் அவை.

கடலில் வாழும் ஆமை நீரில் மூழ்கிச் சாகுமா என்று சிலர் கேட்கலாம். ஆமைக்கு மீனைப் போலச் செவுள் கிடையாது. நம்மைப் போல நுரையீரல்தான். மூச்சு விட அது மேலே வந்தாக வேண்டும். விசைப்படகின் இழுவை மடி கடலடியைத் துழாவியபடி இரண்டு, மூன்று மணி நேரம் கூட இழுபடும். அதற்குள் சிக்கிய ஆமை வெளியேறத் துடிக்கிறது. துடிக்கத் துடிக்க மூச்சு சீக்கிரம் தீர்கிறது. மடியைத் தூக்கும்போது உயிர் போயிருக்கிறது. ஆமையை விற்க முடியாது. அது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர். எனவே கடலிலேயே தள்ளிவிடுகிறார்கள். அலை அதைக் கரைக்குக் கொண்டுவருகிறது.

சகோதரர்களே! இங்கே ஒரு கேள்வி எழுகிறது. "நாங்கள் இறால் பிடிக்கத்தானே போனோம்! ஆமையைக் கொல்ல யார் நினைத்தார்கள்? செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை என்று நபியவர்களே சொல்லியிருக்கிறார்களே!" என்று ஒருவர் கேட்டால் என்ன பதில் சொல்வது?

இது அலட்சியமாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல. மீன்பிடித் தொழில் ஹலாலானது. கடலின் வேட்டையை அல்லாஹ் நமக்கு ஆகுமாக்கியிருக்கிறான். வங்கக் கடலை நம்பி வாழும் முஸ்லிம் குடும்பங்கள் நம் ஊர்களிலும் ஏராளம். அந்த மக்கள் யாரும் ஆமையின் மீது பகை கொண்டு கடலுக்குப் போவதில்லை. அது உண்மை.

ஆனால் நிய்யத் கெட்டதாக இல்லை என்பதோடு கணக்கு முடிந்துவிடுகிறதா? நம் ஷரீஅத்தையே பாருங்கள். தவறுதலாக ஒரு மனிதரைக் கொன்றுவிட்டவர் கொலைகாரர் அல்லர். வேண்டுமென்றே கொன்றவனுக்குரிய தண்டனை அவருக்கு இல்லை. ஆனாலும் நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும். கஃப்பாராவும் நிறைவேற்ற வேண்டும். அது மனித உயிருக்கான சட்டம். ஆமைக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் அதற்குள் ஒரு பாடம் இருக்கிறது. எண்ணம் இல்லாதது குற்றத்தைக் குறைக்கும், பொறுப்பை அழித்துவிடாது.

அடுத்து, பூனையைக் கட்டிவைத்த பெண்ணைப் பற்றிய ஹதீஸை நாம் சிறு வயது முதல் கேட்டிருக்கிறோம். புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. அவள் அந்தப் பூனையை அடித்துக் கொன்றதாக அதில் இல்லை. உணவும் கொடுக்கவில்லை, தானே இரை தேடிக்கொள்ள வெளியே விடவும் இல்லை. அதற்காகத்தான் அவள் வேதனைக்கு ஆளானாள். கவனியுங்கள்! வாழும் வழியை அடைத்தாள், திறந்துவிடக் கூடிய நிலையில் இருந்தும் திறக்கவில்லை. அவள் மீதான குற்றம் அதுதான்.

இப்போது வலைக்கு வாருங்கள். ஆமை வெளியேற வழி வைக்க முடியும். அதற்கென்று ஒரு கருவி இருக்கிறது. ஆமை விலக்குக் கருவி என்று பெயர். இழுவை மடியின் கழுத்தில் சாய்வாகப் பொருத்தும் கம்பிச் சட்டம் அது. இறால் கம்பிகளுக்கு நடுவே புகுந்து மடிக்குள் போய்விடும். ஆமை கம்பியில் முட்டி, பக்கத்தில் விட்டிருக்கும் திறப்பு வழியாக வெளியேறிவிடும். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் கடலுக்கு ஏற்றபடி இதை வடிவமைத்துக் கொடுத்தும் பல ஆண்டுகள் ஆகின்றன. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவை மடி போடக் கூடாது என்ற விதியும் இருக்கிறது.

அப்படியானால் நிலைமை மாறிவிட்டது. வழி இருப்பது தெரியாதவரை அது விபத்து. தெரிந்த பிறகும் அடைத்தே வைத்தால், "நினைக்கவில்லை" என்ற சொல் அங்கே நிற்காது. கொல்ல நினைக்கவில்லைதான், ஆனால் சாகும் என்று அறிந்தே மடியை இறக்குகிறோம். நிய்யத் ஹதீஸ் நம் உள்ளத்தைச் சீர்படுத்த வந்தது. நம் கையின் விளைவை மறைக்கும் திரையாக அதைப் பயன்படுத்தலாமா?

"கருவியைப் பொருத்தினால் கொஞ்சம் பாடும் வெளியே போய்விடுமே! டீசல் விலை என்ன, படகின் கடன் என்ன, உங்களுக்குத் தெரியுமா?" என்று படகுக்காரர் கேட்பார். நியாயமான கேள்விதான். திறப்பு இருந்தால் சிறிது வெளியேறத்தான் செய்யும். அந்த இழப்பை அவர் தலையில் மட்டும் கட்டிவிட்டு நாம் உபதேசம் செய்வது நீதியாகாது. அந்த இறாலைச் சாப்பிடுவது யார்? வலீமாவில் இறால் பிரியாணி போடுவது யார்? வியாபாரிக்கு லாபம், நமக்கு ருசி, பழி மட்டும் கடலில் இருப்பவருக்கா? விலை குறைவாக வேண்டும் என்று நாம் கேட்கும்போது அந்தக் குறைவை யாரோ கொடுக்கிறார்கள். இங்கே கொடுப்பது வாயில்லாத ஜீவன். ஆகவே அரசு மானியமாக, வியாபாரி விலையாக, நாம் கூடுதலாகச் சில ரூபாயாக அந்தச் சுமையைப் பகிர வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1988 முதல் சென்னைக் கரையில் மாணவர்கள் இரவெல்லாம் நடந்து ஆமை முட்டைகளைச் சேகரித்துப் பாதுகாத்து, குஞ்சுகளைக் கடலில் விட்டுவருகிறார்கள். ஒரு தாய் ஆமை ஒரு தடவை ஏறத்தாழ நூறு முட்டை இடும். ஆயிரம் குஞ்சில் ஒன்றுதான் வளர்ந்து பெரிதாகும் என்று சொல்வார்கள். அப்படித் தப்பிப் பிழைத்து, ஆண்டுகள் கழித்து முட்டையிட வரும் ஒன்றைத்தான் ஒரு மடி சில மணி நேரத்தில் முடித்துவிடுகிறது.

எனவே சகோதரர்களே, படகு வைத்திருப்பவர்கள் கருவியைப் பொருத்துங்கள். 5 மைல் எல்லையை மதியுங்கள். வலையில் வந்த ஆமை அசையாமல் கிடந்தால் செத்துவிட்டது என்று உடனே தள்ளிவிடாதீர்கள். நிழலில் வைத்து, பின்பகுதியைச் சற்று உயர்த்தி, உடம்பை ஈரமாக வைத்திருந்தால் நுரையீரலில் உள்ள நீர் வடிந்து சில மணி நேரத்தில் எழும் ஆமைகளும் உண்டு. வியாபாரிகள் கருவி பொருத்திய படகின் சரக்குக்கு முன்னுரிமை கொடுங்கள். வாங்கும் நாம், "இது எப்படிப் பிடித்தது?" என்று ஒரு வார்த்தை கேட்போம். ஹலாலா என்று கேட்கப் பழகிய நாவுக்கு இது பாரமான கேள்வி அல்ல.

யா அல்லாஹ்! எங்கள் ரிஸ்கில் பரக்கத் செய்வாயாக. அந்த ரிஸ்க்கைத் தேடும் வழியில் வாயில்லாத உயிர்களுக்கு அநியாயம் செய்யாமல் எங்களைக் காப்பாயாக. கடலில் உழைக்கும் எங்கள் சகோதரர்களைப் பத்திரமாகக் கரை சேர்ப்பாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.