மறைப்பது சபூர் ஆகுமா?

வாணிபம் செய்யும் நம் ஒவ்வொருவருக்கும் சிறு வயதிலேயே சொல்லிக் கொடுக்கப்பட்ட சம்பவம் ஒன்று உண்டு. பெருமானார் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றைக் கண்டு, அதனுள் தம் திருக்கரத்தை விட்டார்கள். மேலே காய்ந்திருந்த தானியம் உள்ளே நனைந்திருந்தது. மழை பெய்து விட்டது என்று வியாபாரி காரணம் சொன்னார். நனைந்ததை எல்லோரும் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று நாயகம் கேட்டார்கள். ஏமாற்றுகிறவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள். பழுதை மறைத்து விற்ற காசில் பறக்கத்து இல்லை என்பது நம் தொழிலின் முதற்பாடமாகும்.

கடையில் இந்தப் பாடத்தைப் பேணும் நாம், வீட்டில் வேறொரு பாடத்தைப் போற்றி வருகிறோம். தன் நோவை வெளியே சொல்லாமல் விழுங்கிக் கொள்ளும் தாயை, "சபூருடைய பெண்மணி" என்று புகழ்கிறோம். நோய் குற்றமன்று, நோயாளி ஏமாற்றுக்காரரும் அல்லர். ஆயினும் மூடி வைத்த இடத்தில் ஈரம் பரவும் என்பது குவியலுக்கும் உடலுக்கும் பொதுவான விதி. ஆகவே, மறைப்பது சபூர் ஆகுமா என்னும் கேள்வியை நாம் ஒருமுறை நேர்மையாகக் கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கேமரன் மலையில், பிரிஞ்சாங் கடைத்தெருவில் கடை வைத்திருக்கும் நம்மவர் ஒருவரின் வீட்டை எண்ணிக் கொள்வோம். பெயர் வேண்டாம்; அது யாருடைய வீடாகவும் இருக்கலாம். வாப்பா சுபுஹு தொழுது விட்டுக் கடை திறக்கிறார். உம்மா பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி விட்டு, மாமியாரையும் கவனித்து, மாலையில் கல்லாவிலும் சற்று உட்காருகிறார். ஒரு நாள் குளிக்கும்போது மார்பில் பட்டாணி அளவில் ஒரு கட்டி கையில் தட்டுப்படுகிறது. வலியில்லை. இளைய மகனுக்கு இவ்வாண்டு பரீட்சை. மூத்த மகளுக்குச் சம்பந்தம் பேசி வருகிறார்கள். பள்ளி விடுமுறை வந்தால் சுற்றுலாக் கூட்டம் மலையேறும். கடைக்கு அதுவே அறுவடைக் காலம். "பரீட்சை முடியட்டும், நிக்காஹ் முடியட்டும், லீவு வியாபாரம் முடியட்டும்" என்று அந்த உம்மா தமக்குத் தாமே தவணை சொல்லிக் கொள்கிறார். பட்டாணி, கொட்டைப்பாக்கு ஆகிறது.

இது தியாகம் அல்லவா என்று கேட்கலாம். தியாகம்தான், அதில் ஐயமில்லை. ஆனால் சபூர் என்பது வேறு. பொறுமைக்கு நம் மார்க்கம் காட்டும் பெரிய முன்மாதிரி அய்யூப் (அலை) அவர்கள். அந்த நபி வாய் திறவாமலா இருந்தார்கள்? தமக்குத் துன்பம் நேர்ந்து விட்டதென்று தம் இறைவனிடம் முறையிட்டார்கள். முறையிட்ட அவர்களையே பொறுமையாளர் என்று அல்லாஹுத் தஆலா தன் திருமறையில் பாராட்டுகிறான். நம் நாயகம் (ஸல்) அவர்களும், ஆயிஷா (ரலி) அவர்கள் தலைவலி என்று சொன்னபோது, தமக்கும் தலைவலிதான் என்று துணைவியாரிடம் திறந்து சொன்னார்கள். இமாம் புகாரி அவர்கள் தம் ஹதீதுத் தொகுப்பில், நோயாளி தனக்கு நோவு என்று சொல்ல அனுமதி உண்டு என்பதற்காகவே தனிப் பாடம் ஒன்றை அமைத்திருக்கிறார்கள்.

"யஃகூப் (அலை) அவர்கள் தம் துயரத்தை அல்லாஹ்விடம் மட்டுமே முறையிட்டார்களே" என்று சிலர் மறுப்புரைக்கக் கூடும். உண்மை. ஆனால் அதையும் அவர்கள் தம் மக்களின் முன்னிலையிலேயே சொன்னார்கள். அவர்களுடைய துயரம் வீட்டார் அறியாத இரகசியமாக இருக்கவில்லை. விதியைக் குறை கூறிப் புலம்புவதுதான் சபூருக்கு மாறு. "எனக்கு இங்கே ஒரு கட்டி இருக்கிறது, பார்க்க வேண்டும்" என்று மச்சானிடம் சொல்வது புலம்பலன்று, தகவலாகும். சபூர் அந்தச் சொல்லுக்குப் பிறகுதான் தொடங்குகிறது.

பேரேட்டில் எழுதாத கடன் இல்லாத கடனாகி விடுமா? வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். மலேசிய நாட்டின் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, 2012 முதல் 2016 வரையிலான கணக்கில், இந்நாட்டுப் பெண்களில் ஏறக்குறைய 27 பேருக்கு ஒருவர் தம் வாழ்நாளில் மார்புப் புற்றுக்கு ஆளாகக் கூடும். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர், நோய் மூன்றாம் நான்காம் கட்டத்தை அடைந்த பின்னரே கண்டறியப்பட்டவர்கள். 2018-இல் வெளியான மற்றோர் ஆய்வு, முதற்கட்டத்தில் கண்டுகொள்ளப்பட்ட 100 பேரில் சுமார் 87 பேர் ஐந்தாண்டுகள் கடந்து வாழ்ந்ததையும், நான்காம் கட்டத்தில் அந்த எண்ணிக்கை சுமார் 23 ஆகக் குறைந்து விட்டதையும் காட்டுகிறது. "பிறகு பார்க்கலாம்" என்ற தவணையின் விலை இதுவே.

இது புதிய அறிவுமன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயின் நாட்டுக் குர்துபாவில் வாழ்ந்த நம் வைத்திய மேதை அபுல் காசிம் அல்-ஸஹ்ராவி, புற்று தொடக்க நிலையில், மார்பு போன்ற முழுவதும் நீக்கத் தக்க இடத்தில் இருந்தால் அறுத்து எடுக்கலாம் என்றும், நாள்பட்டுப் பெருத்து விட்டால் கத்தி வைக்க வேண்டாம் என்றும் எழுதினார். முற்றிய புற்றைத் தாம் குணப்படுத்தியதும் இல்லை, குணப்படுத்தியவரைக் கண்டதும் இல்லை என்று தம் நூலிலேயே ஒப்புக் கொண்டார். தம் தோல்வியையும் மறைக்காத வைத்தியர் அவர். இன்று முற்றிய நிலையிலும் ஆயுளை நீட்டவும் நோவைத் தணிக்கவும் வழிகள் உண்டு. ஆனால் முந்திக் கொள்வதே மேல் என்ற அவருடைய சொல் மாறவில்லை.

மார்பில் தென்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்று அல்ல என்பதையும் நம் தாய்மார் அறிய வேண்டும். கையால் பார்த்து, படம் எடுத்து, ஊசியால் சிறிது சதை எடுத்துச் சோதித்து முடிவு சொல்கிறார்கள். தானா ராத்தாவில் அரசு மருத்துவமனை இருக்கிறது. மேல் சிகிச்சைக்கு அங்கிருந்து எழுதிக் கொடுத்து அனுப்புவார்கள். பெண் மருத்துவர் வேண்டுமென்று கேட்பதில் தவறில்லை. அவர் கிடைக்காவிட்டால் நிர்ப்பந்தத்தை மார்க்கம் அறியும். அகழ்ப்போரில் காயமுற்ற சஅது இப்னு முஆத் (ரலி) அவர்கள், ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணியின் கூடாரத்தில் வைத்தே கவனிக்கப்பட்டார்கள். நாணத்தைக் காரணம் காட்டி உயிரை விடும்படி மார்க்கம் கேட்கவில்லை.

இனி, மறைப்பு திசை மாறுவதையும் பார்க்க வேண்டும். சோதனை முடிவு வந்ததும், நோயாளியான உம்மாவை வெளியே உட்கார வைத்து விட்டு, வாப்பாவும் மாமாவும் மருத்துவரின் அறையில் இரகசியம் பேசுகிறார்கள். "சாதாரணக் கட்டிதான்" என்று அவரிடம் சொல்லி விடுகிறார்கள். அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் உடல் அல்லாஹ் அவரிடம் ஒப்படைத்த அமானத்து; அதன் கணக்கு முதலில் அவருக்கே உரியது. எந்தச் சிகிச்சை, எப்போது, எங்கே என்று முடிவு செய்யவும், நிறைவேற்ற வேண்டிய நேர்ச்சையை நிறைவேற்றவும், பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லவும் அவருக்கு உண்மை தேவை. பங்காளியிடம் கணக்கை மறைப்பது துரோகம் என்று நாம் அறிவோம். வாழ்க்கைப் பங்காளியிடம் மட்டும் அது எப்படி அன்பாகும்? "எல்லாவற்றையும் எனக்குச் சொல்ல வேண்டாம்" என்று அவரே கேட்டுக் கொண்டால், அது வேறு. அந்த உரிமையும் அவருடையதே.

பிள்ளைகளிடம் சொல்வதா? இதுவே ஒரு தாயின் நெஞ்சை அதிகம் அறுக்கும் கேள்வி. சொல்லாவிட்டாலும் பிள்ளை பார்க்கிறது. அடைத்த கதவையும் அழுத கண்ணையும் பார்த்துத் தானாக ஒரு கதை கட்டிக் கொள்கிறது. அந்தக் கதை பெரும்பாலும் உண்மையைவிடப் பயங்கரமானது. சின்னஞ்சிறு பிள்ளைக்கு வேண்டியவை மூன்று பதில்கள்: இது உன்னால் வந்ததன்று, இது தொற்று வியாதியுமன்று, உம்மாவைக் கட்டிக் கொள்ளலாம், உன்னைக் கவனிக்க ஆள் இருக்கிறது. வளர்ந்த பிள்ளைக்கு நோயின் பெயரையும் சொல்லலாம். "உம்மாவுக்கு நிச்சயம் சுகமாகி விடுமா?" என்று கேட்டால், ஷிபா அல்லாஹ்வின் கையில், மருந்து நம் கையில் என்று சொல்வோம். காக்க முடியாத வாக்கைக் கொடுக்க வேண்டாம்.

நம் நாட்டிலேயே இதற்கோர் உதாரணம் உண்டு. பிரதமராயிருந்த அப்துல்லா அஹ்மத் படாவியின் துணைவியார் எண்டோன் மஹ்மூத் அவர்களுக்கு 2003-இல் மார்புப் புற்று கண்டறியப்பட்டது. அவருடைய இரட்டைச் சகோதரியும் அதே நோய்க்கு இரையானவர். பாத்திக் துணிக்கு ஊக்கமளித்து வந்த அவரைத் துணி வியாபாரிகள் மறந்திருக்க மாட்டார்கள். நாடே தம்மைப் பார்த்திருந்த நிலையில், அவர் தம் நோயை மூடி வைக்கவில்லை. 2005 அக்டோபர் 20-ஆம் நாள், ரமலான் மாதத்தில், வஃபாத்தானார். சொன்னதால் பிழைத்தார் என்று நாம் கூறவில்லை. ஹயாத்தும் மவுத்தும் நம் பேச்சுக்குக் கட்டுப்பட்டவையல்ல. ஆனால் அவருடைய நோய்க் காலம் தனிமையில் கழியவில்லை. நாட்டு மக்களின் துஆ அவருடன் இருந்தது. மறைத்தவருக்கு அந்தத் துஆ எப்படிப் போய்ச் சேரும்?

கீமோதெரபி என்ற சொல்லே வீட்டை நடுங்க வைக்கிறது. வேகமாகப் பெருகும் அணுக்களை அழிக்கும் மருந்து அது. புற்று அணுவைப் போலவே முடியின் வேரும், வாயும் குடலும், இரத்தத்தின் வெள்ளை அணுக்களும் வேகமாகப் பெருகுவதால் அவற்றையும் அது தாக்குகிறது. அதனாலேயே முடி உதிர்வும் குமட்டலும் வாய்ப்புண்ணும். பெரும்பாலும் மூன்று வாரங்களுக்கு ஒரு முறை என்று பல மாதங்கள் கொடுக்கிறார்கள். சிகிச்சை முடிந்தபின் முடி வழக்கமாக மீண்டும் வளர்ந்து விடும். ஆனால் மருந்து ஏற்றிய ஒன்றிரண்டு வாரங்களில் காய்ச்சல் 38 டிகிரியை எட்டினால், விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். மருந்து ஏற்றிய அன்றே வளைவு வளைவான மலைப்பாதையில் ஏறி வருவது கடும் சோதனை. ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ உறவினர் வீட்டில் இரண்டு நாள் தங்க வைப்பது நலம். நோயாளிக்கு நோன்பில் சலுகை தந்தவன் அல்லாஹ். அந்தச் சலுகையை ஏற்பதும் வணக்கமே.

மூத்த மகளின் சம்பந்தம் கெட்டுப் போகும் என்ற பயத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். மார்புப் புற்றில் பரம்பரையாக வருவது 100-க்கு 5 முதல் 10 வரையே. அப்படியே பரம்பரையானாலும், அதை மகளிடம் மறைப்பது, அவள் காலத்தோடு தன்னைச் சோதித்துக் கொள்ளும் வாய்ப்பைப் பறிப்பதாகும். மாப்பிள்ளை வீட்டாரின் நல்ல எண்ணத்தைக் காப்பாற்ற மகளின் உயிரைப் பணயம் வைக்கும் உம்மா யாருமில்லை. மறைப்பதால் அதைத்தான் செய்கிறோம் என்பதை அறியாமலிருக்கிறார்கள். உம்மாவின் நோயைக் கேட்டு விலகிப் போகும் சம்பந்தம், நிக்காஹ்வுக்கு முன்பே விலகியதற்கு ஷுக்ரு செய்வோம்.

இவ்வளவும் சொன்ன பின், குற்றத்தைத் தாய்மார் மீது சுமத்தி விட்டு எழுந்து விடுவது நியாயமன்று. அந்த உம்மா ஏன் மறைத்தார்? சொன்னால் கடையை யார் பார்ப்பது, சமையலை யார் பார்ப்பது, மாமியாரை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு அவருடைய வீட்டில் பதில் இல்லை. நோயுற அவருக்கு ஓய்வு நாளே கொடுக்கப்படவில்லை. வீட்டை அப்படி அமைத்தவர்கள் நாம். சரக்கு லாரி பழுதானால் அன்றே பட்டறைக்கு விடுகிறோம். பிள்ளைகளின் தாய் ஒரு மாதமாகச் சோர்ந்திருப்பதைக் கவனிக்க நமக்கு நேரமிருப்பதில்லை.

ஆகவே, சகோதரர்களே, இன்றிரவு கடையைச் சாத்திக் கணக்கை முடித்த பின், வீட்டில் ஒரு கேள்வி கேளுங்கள்: "உன் உடம்புக்கு எப்படி இருக்கிறது?" கேட்டு விட்டுப் பதில் வரும் வரை காத்திருங்கள். முதல் நாள் "ஒன்றுமில்லை" என்றுதான் பதில் வரும். மறுநாளும் கேளுங்கள். உண்மை வெளிவரும் நாளில் கடையின் கதவு ஒரு நாள் சாத்தியிருந்தால் நஷ்டமில்லை. ரிஸ்கு அளிப்பவன் அல்லாஹ்.

நோயுற்ற தாய்மார் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிபாவை அளிப்பானாக! அவர்கள் வாய் திறந்து சொல்லத் தக்க வீடுகளாக நம் வீடுகளை ஆக்கியருள்வானாக! ஆமீன்.