இரண்டாவது குத்து

2022 ஆகஸ்ட் 7, ஞாயிறு. காலை 9.18க்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட் கிளம்பியபோது, ஏரிக்கு இந்தப் பக்கம் பழவேற்காட்டில் என் பிள்ளைகளோடு நின்றிருந்தேன். வாராவாரம் நான் ரோபோட்டிக்ஸ் சொல்லிக்கொடுத்த குப்பத்துப் பிள்ளைகள். ராக்கெட் அவர்களுக்குப் புதிதில்லை. அது கிளம்புகிற நாளில் அப்பா கடலுக்குப் போக முடியாது, அவ்வளவுதான். அன்றைக்கு மட்டும் யாரும் கண்ணை எடுக்கவில்லை. 75 அரசுப் பள்ளிகளின் 750 மாணவிகள் சேர்ந்து செய்த எட்டு கிலோ 'ஆசாதிசாட்' செயற்கைக்கோள் அதில் போனது. அந்தப் பள்ளிகளில் ஒன்றான திருமங்கலம் பள்ளிப் பெண்கள் செய்ததும் அதற்குள் இருந்தது.

அது நிலைக்கவில்லை. 356 கிலோமீட்டர் உயரத்தில் வட்டமாகச் சுற்ற வேண்டியது, ஒரு பக்கம் 76 கிலோமீட்டர்வரை தாழ்ந்துவிட்டது. அந்த உயரத்தில் காற்று இழுத்துக் கீழே தள்ளிவிடும்.

காரணம் பிறகு தெரிந்தது. இரண்டாம் கட்டம் பிரிந்தபோது ஒரு அதிர்வு. கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. வேகமாற்றத்தை அளக்கும் முடுக்கமானிகள் அந்த நொடித்துளியில் தாறுமாறாகக் காட்டின. உடனே மென்பொருள் அவற்றைப் பழுது என்று தீர்மானித்து ஒதுக்கிவிட்டது. அதன்பின் அவற்றைத் திரும்பிக் கேட்கவே இல்லை. கருவிகள் கெட்டுப்போகவில்லை. அதிர்ச்சியில் ஒருமுறை உளறின.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். வந்த முதல் நாளே பன்னிரண்டு வோல்ட் பேட்டரியை ஐந்து வோல்ட் பின்னில் சொருகினான். அர்டுயினோ போர்டு புகைந்தது. நான் திட்டவில்லை. "நீ பார்த்துக்கிட்டிரு" என்று ஓரமாக உட்கார வைத்தேன். அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் அவன் கையில் எதையும் கொடுக்கவில்லை. நான்காவது வாரம் அவன் வரவில்லை. ஏன் என்று நான் விசாரிக்கவும் இல்லை.

ஏரியில் முக்கால்வாசி இடம் இடுப்பளவுத் தண்ணீர்தான். கழி ஊன்றித்தான் படகு தள்ள வேண்டும். ஒருநாள் ஆசைக்கு நான் தள்ளிப் பார்த்தேன். அடியில் 'ணங்'கென்றது. கல் என்று படகைத் திருப்பப் போனேன். படகுக்காரப் பெரியவர் தடுத்தார். "ஒரு குத்துல கல்லுன்னு முடிவு கட்டாதீங்க சார். கிளிஞ்சலா இருக்கும். கொஞ்சம் தள்ளி இன்னொரு குத்து குத்துங்க." குத்தினேன். சேறு.

இஸ்ரோவும் அதைத்தான் செய்தது. கட்டம் பிரியும் அமைப்பை அதிர்வு குறையும்படி மாற்றினார்கள். கருவியைப் பழுது என்று தள்ளுமுன் இன்னும் சற்று நேரம் பொறுத்துப் பார்க்கும்படி மென்பொருளையும் திருத்தினார்கள். பெரிய தவறுக்கு எவ்வளவு சின்னத் திருத்தம்! 2023 பிப்ரவரி 10, அதே 9.18. மாணவிகளின் ஆசாதிசாட்-2 சுற்றுப்பாதையில் சேர்ந்தது. ஆறு மாதத்தில் மறுபடி சாலிடர் பிடித்த அந்தக் கைகளை நினைத்து அன்றைக்கு அழுதேன்.

பிள்ளைகளைக் கணிக்க எனக்கு எத்தனை வாரம் தேவை? இந்தக் கேள்வியோடுதான் போன மாதம் அந்தப் பையனைத் தேடிப் போனேன். படகு எஞ்சின் பழுது பார்க்கிறான். கார்புரேட்டரைக் கழற்றி, துளை அடைத்திருக்கிறதா என்று வாயால் ஊதிக் காதருகே வைத்துக் கேட்டான். திருப்தியில்லை, மறுபடி ஊதினான். அப்புறம்தான் என்னைப் பார்த்தான்.

"சார், அந்த போர்டு என்ன வெல சார்?"

ஐந்நூறு ரூபாய் என்றேன். ஈரக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு சட்டைப் பையைத் தடவினான்.